93-ல் வரும் உறுமல்: ஷாஃப்ட் ஸ்டீலா, அலுமினியமா, கார்பனா?

கேள்வி: திருப்பூரிலிருந்து ஒரு தம்பி
8 ஜனவரி 2023

அண்ணா, கான்டெஸ்ஸாவுக்குப் புது ஷாஃப்ட் அடிக்கப் போறேன்னு எழுதியிருந்தீங்க. இன்னும் ஸ்டீல்லயேவா? ஸ்டீல் லாரிக்குங்ணா. அலுமினியம் போட்டா பாதி எடை, வண்டி சீறும். காசு இருந்தா கார்பன், அதிர்வே வராது. இதுல யோசிக்க என்ன இருக்கு?

8 ஜனவரி 2023, இரவு

யோசிக்க இருக்கு தம்பி. முதல்ல பேரைச் சரி பண்ணிக்கலாம். நான் சொல்றது கியர்பாக்ஸ் வாலிலிருந்து பின் ஹவுசிங்குக்கு (பின்சக்கர ஆக்சில் பெட்டி) போற நீளக் குழாய், பட்டறையில புரொபெல்லர் ஷாஃப்ட். வெளிநாட்டு வீடியோக்கள்ல அதையே டிரைவ் ஷாஃப்ட்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல டிரைவ் ஷாஃப்ட்னா முன்சக்கர வண்டியில வீலுக்குப் போற குட்டை ஷாஃப்ட். ஒருத்தர் குழாயைப் பத்திப் பேச, இன்னொருத்தர் கம்பியைப் பத்திப் பதில் சொல்லிட்டிருப்பார்.

என் வண்டி: கான்டெஸ்ஸா பாடி, ஜப்பான் டர்போ எஞ்சின் (எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்காதீங்க), 300 நியூட்டன் மீட்டர் டார்க், 5 கியர். பின் ஹவுசிங்ல இருக்கற பல்சக்கர ஜோடி, அதாவது கிரவுன் பினியன், பல் 39-க்கு 10. டயர் 185/65, 14 இன்ச். ரோட்டுல ஓட்டறதில்ல, ட்ரெய்லர்ல ஏத்தி செட்டிபாளையம் காரி ட்ராக்குக்குப் போய், ட்ரெய்லர்லயே திரும்பும். ஷாஃப்ட் ஒரே துண்டு, ஸ்டீல் குழாய், வெளி சைஸ் 76 மி.மீ., திக்னஸ் 2 மி.மீ.

குறை இதுதான். மணிக்கு 93 கி.மீ. தொட்டதும் தரையிலிருந்து ஒரு உறுமல். 97 தாண்டினா போயிடும். நாலாவது கியர்ல இருந்தாலும் ஐந்தாவதுல இருந்தாலும் அதே 93. நியூட்ரல்ல உருட்டி விட்டாலும் அதே 93. அப்போ எஞ்சின் குத்தவாளி இல்ல, கியர்பாக்ஸுக்குப் பின்னாடிதான் எதுவோ.

9 ஜனவரி 2023

"அலுமினியம் போட்டா அதிர்வு வேகம் மேல போயிடும்"னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. போகாது. குறைஞ்சது, நீங்க நினைக்கிற காரணத்தால போகாது.

கயிறாட்டம் ஆடற பிள்ளைங்க கையில கயிறு நடுவுல வயிறு தள்ளிச் சுத்துமில்ல, நீளமான குழாயும் ஒரு வேகத்துல அப்படி வயிறு தள்ளும். அதுதான் கிரிட்டிக்கல் ஸ்பீடு. அதைத் தொட்டா குழாய் வளைஞ்சு ஜாயிண்ட்டைப் பிய்ச்சுக்கிட்டு வெளிய வரும். உலோகத்தைப் பொறுத்தவரை இந்த வேகத்துக்கு வேண்டியது ஒரே கணக்கு: விறைப்பை அடர்த்தியால வகுக்கணும். ஸ்டீல் 207-ஐ 7.85-ஆல வகுத்தா 26.4. அலுமினியம் 69-ஐ 2.7-ஆல வகுத்தா 25.6. டைட்டானியம் 114-ஐ 4.43-ஆல வகுத்தா 25.7. மூணும் ஒரே மார்க். எடை மூணுல ஒரு பங்கா இருந்தா விறைப்பும் மூணுல ஒரு பங்குதான். ஒரே சைஸ் குழாயை மூணுலயும் செஞ்சு சுத்தினா, மூணும் ஏறத்தாழ ஒரே வேகத்துலதான் ஆடும். சரியா சொன்னா அலுமினியம் ஒரு முடி முந்தியே ஆடும்.

பின்ன ஏன் அலுமினிய ஷாஃப்ட்டை "அதிவேகத்துக்கு"ன்னு விக்கிறாங்க? அது குண்டா வருது, அதனால. எடை கம்மிங்கறதால 89, 102 மி.மீ. குழாய் போடத் துணியறாங்க. வேகம் ஏறினது குண்டால, அலுமினியத்தால இல்ல.

9 ஜனவரி 2023, மதியம்

கணக்கு கேட்டவருக்கு. வெளி விட்டத்தின் வர்க்கம், உள் விட்டத்தின் வர்க்கம், ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்க. நீளத்தின் வர்க்கத்தால வகுங்க. எல்லாம் மி.மீ. ஸ்டீல்னா 12 கோடியே 10 லட்சத்தால பெருக்குங்க, அலுமினியம்னா 11 கோடியே 90 லட்சம். வர்றது ஆர்பிஎம். என் குழாய் நீளம் 1270. விடை 7850. தாராளம். அப்போ என் உறுமலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

10 ஜனவரி 2023

மேல இருக்கறதைத் திருத்தறேன். ஈரோட்டு அண்ணன் ஒருத்தர் போன்ல பிடிச்சுத் திட்டினார். "குழாய் நீளம் எதுக்குடா? கிராஸ் நடுவிலிருந்து கிராஸ் நடு வரைக்கும் அள." கிராஸ்னா குழாயோட ரெண்டு முனையிலயும் இருக்கற சிலுவை ஜாயிண்ட். அளந்தேன். 1380. நீளத்துக்கு வர்க்கம்ங்கறதால 110 மி.மீ. பிழை சும்மா விடாது. புது விடை 6650.

இதுவும் காகிதத்துல வர்ற எண்தான். கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர், ஹவுசிங் எல்லாம் கொஞ்சம் நெளியறதால நிஜத்துல இதுக்கும் கீழ. முக்கால் பங்குக்கு மேல போகாதேங்கறது பழக்கம். முக்கால்னா 4990. என் டயருக்கும் 3.9 கிரவுனுக்கும் மணிக்கு 100 கி.மீ.ல ஷாஃப்ட் 3570 சுத்து சுத்துது. 4990-ங்கறது 140 கி.மீ. நான் ட்ராக்குல 150 பக்கம் தொடறேன்.

அப்படியே உட்கார்ந்துட்டேன்.

10 ஜனவரி 2023, இரவு

தூக்கம் வரல. 6650-ல பாதி 3325. அது எத்தனை கி.மீ.னு போட்டுப் பார்த்தா 93!

சிலுவை ஜாயிண்ட் சாய்வா ஓடும்போது வெளிய வர்ற வேகம் ஒரே சீரா இருக்காது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை முந்தும், ரெண்டு தடவை பிந்தும். ஆக ஷாஃப்ட் 3325 சுத்தும்போது ஜாயிண்ட் நிமிஷத்துக்கு 6650 தடவை குழாயை உதைக்குது. குழாய் ஆட விரும்பற கணக்கும் அதேதான். ஊஞ்சலை அதோட தாளத்துலயே தள்ளற மாதிரி. கிரிட்டிக்கல் ஸ்பீடுல பாதியில ஒரு முனகல் வரும்னு பாடத்துல படிச்சதுதான். நம்ம வண்டியிலயே கேட்கும்னு நினைக்கல.

12 ஜனவரி 2023

சரி, அலுமினியமே போட்டுடலாம்னு முடிவு. 6061 டி6 (ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணி வலுவாக்கின அலுமினியக் கலவை) குழாய், 89 மி.மீ., திக்னஸ் 3. 102 போடலாம்னா டனல்ல (ஷாஃப்ட்டுக்காக வண்டித் தரையில எழுப்பின மேடு) இடமில்ல, ஹேண்ட் பிரேக் கேபிள் உரசும்.

எடைக் கணக்கு, 1380 முழுக்கக் குழாய்தான்னு வச்சு: பழைய ஸ்டீல் 5 கிலோ, புது அலுமினியம் 3 கிலோ. சுழல் மந்தமும் (சுத்த வைக்கும்போது காட்டற எதிர்ப்பு) கம்மி. அலுமினியம் போட்டா சுழல் மந்தம் எப்பவுமே குறையும்.

13 ஜனவரி 2023

"எப்பவுமே"ன்னு நேத்து எழுதினதை அடிச்சிடறேன். எடை மட்டும் இல்ல, ஆரத்தின் வர்க்கமும் சேருது. ஸ்டீல் 76-க்கு 0.0069 கிலோ மீட்டர் வர்க்கம். அலுமினியம் 89-க்கு 0.0056. அலுமினியம் 102-க்கு 0.0085. எடையில ஒன்றரை கிலோ கம்மியா இருந்தும் 102 அலுமினியம் சுத்தறதுக்கு 76 ஸ்டீலைவிடக் கனம்.

இன்னொன்னும் சொல்லிடறேன், "வண்டி சீறும்"னு சொன்ன தம்பி கேட்டுக்கட்டும். ஷாஃப்ட் ஆரம் வெறும் 4 செ.மீ. 5 கிலோ ஸ்டீல் குழாயோட சுழற்சியை, கிரவுன் விகிதமும் சேர்த்து, வண்டி எடையா மாத்திப் பார்த்தா கூடுதலா ஒரு கிலோ சொச்சம். வண்டியில ஒரு தண்ணி பாட்டில். முன்னாடி நாள் ராத்திரி புரோட்டாவைக் குறைச்சா இதைவிட லாபம்.

2 பிப்ரவரி 2023

ஷாஃப்ட் வந்தாச்சு. ரெண்டு முனைக்கும் அலுமினிய யோக் (கிராஸைப் பிடிக்கற கவை), ஆர்கான் வெல்டிங். பேலன்சிங் செஞ்ச இடத்துல மெஷின் லாரி ஷாஃப்ட்டுக்கு வச்சது, 3000-க்கு மேல சுத்தாது. பரவால்லன்னு சொன்னேன்.

காலையில ட்ராக். 90, 93, 95... சத்தமில்ல. கண்ணுல தண்ணி வராத குறை. தம்பி, நீங்க சொன்னதுதான் சரி. அலுமினியம் வாழ்க.

5 பிப்ரவரி 2023

வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கறேன். 2-ஆம் தேதி 100-க்கு மேல நிதானமா ஓட்டவே இல்ல, பூஸ்ட் ஏத்தி ஒரே மூச்சுல தாண்டிட்டேன். இன்னிக்கு மெதுவா ஏத்தினேன். 107-ல உறுமல். அதே குரல், அதே ஆள், வேற விலாசம்.

புதுக் குழாயோட கிரிட்டிக்கல் 7600. அதுல பாதி 3800. 107 கி.மீ. கணக்கு கச்சிதமா வருது, அதுதான் எரிச்சல். நான் நோயைக் குணப்படுத்தல, பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். உதைக்கறவனை விட்டுட்டு உதை வாங்கறவனை மாத்தியிருக்கேன்.

6 பிப்ரவரி 2023

ஈரோட்டு அண்ணன் நேர்லயே வந்தார். ஃபோன்ல இருக்கற லெவல் ஆப்பை கியர்பாக்ஸ் வால் மேல வச்சார், குழாய் மேல வச்சார், பினியன் பிளேஞ்ச் மேல வச்சார். பத்து நிமிஷம். முன் ஜாயிண்ட்ல 4 டிகிரி சாய்வு, பின்னால ஒன்றரை.

ரெண்டும் சமமா இருந்தா முன் ஜாயிண்ட் முந்தறதைப் பின் ஜாயிண்ட் பிந்திச் சரிக்கட்டும். சமமில்லாட்டி மிச்சம் ஹவுசிங்குக்குப் போகும். சமமாவே இருந்தாலும் சாய்வு அதிகமானா நடுக்குழாய்க்கு உதை அதிகம். வேகமான வண்டிக்கு 3 டிகிரிக்குள்ள வைக்கச் சொல்லுவாங்க. எஞ்சின் மாத்தினப்போ கியர்பாக்ஸ் தாங்கற கிராஸ் மெம்பரை நானேதான் வெல்டு பண்ணினேன். கை எட்டின உயரத்துல வச்சேன். வேற யாரையும் திட்ட வழியில்ல.

25 மி.மீ. தகடு வச்சுத் தூக்கினோம். டனலை ஒரு இடத்துல சுத்தியலால கொஞ்சம் தட்டினோம். முன் சாய்வு 2 டிகிரி ஆச்சு. 107-ல உறுமல் காணோம்.

6 பிப்ரவரி 2023, மாலை

அண்ணன் போகும்போது சொன்னார்: "பழைய ஸ்டீலை மாட்டிப் பாரு." மாட்டினேன். 93-லயும் சத்தம் இல்ல.

ஆக உறுமலுக்கு மருந்து ஒரு தகடு. நான் அலுமினியத்துக்குக் கொடுத்த காசை இங்க எழுத மாட்டேன், வீட்டுல இதைப் படிக்கறாங்க.

9 பிப்ரவரி 2023

நடுவுல கேட்டவங்களுக்குச் சுருக்கமா.

ஃபேஸ்: ஸ்லிப் யோக்கை (பல் மேல முன்னும் பின்னும் நழுவற யோக்) கழட்டினா ஒரு பல் தள்ளி மாட்டிடாதீங்க. ரெண்டு யோக்கும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கணும். கழட்டறதுக்கு முன்னாடி பெயிண்ட் குறி போடுங்க. சோம்பேறித்தனமா சாக்பீஸ்ல போட்டு, கிரீஸ் துடைக்கும்போது அழிச்சவன் சொல்றேன்.

பேலன்சிங்: 10 கிராம் பிசகு, 44 மி.மீ. ஆரத்துல, 5000 ஆர்பிஎம்ல 12 கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும், அதுவும் சுத்திச் சுத்தி. பன்னாட்டுத் தரத்துல ஷாஃப்ட்டுக்கு ஜி40, கண்டிப்பான வேலைக்கு ஜி16-னு ரெண்டு தரம் இருக்கு. முழு ஷாஃப்ட் 8 கிலோன்னா, ஜி16-க்கு 5000 ஆர்பிஎம்ல ஒரு முனைக்கு 3 கிராமுக்குள்ள பிசகு நிக்கணும். மூணு கிராம்! மழைக்காலத்துல ஒட்டற சேறே அதுக்கு மேல. வாட்டர் சர்வீஸ்ல ஒரு பையன் அடிப்பாகம் முழுக்கக் கருப்புக் கோட்டிங் அடிக்கும்போது ஷாஃப்ட்டுக்கும் சேர்த்து அடிச்சு விட்டான், அதுவும் ஒரு பக்கம் மட்டும். ரெண்டு மாசம் வீல் பேலன்சிங் பண்ணிட்டே திரிஞ்சேன். அது வேற வண்டி, வேற கதை.

ரெண்டு துண்டு ஷாஃப்ட்: "கம்பெனிக்காரன் சென்டர் பேரிங் வச்சு ரெண்டு துண்டா ஏன் கொடுத்தான், முட்டாளா"ன்னு ஒருத்தர். 1380-ஐ 690, 690-ன்னு வெட்டினா கிரிட்டிக்கல் நாலு மடங்கு, 26,000 தாண்டும். எடையும் ஒரு பேரிங்கும் கூட, அவ்வளவுதான். இடமிருந்தா நானே அதைத்தான் போட்டிருப்பேன்.

கிரவுன்: 3.9-ஐ எடுத்துட்டு 4.3 போடலாமான்னு கேட்டவரே, ரோட்டு வேகம் அதே, ஷாஃப்ட் வேகம் பத்துல ஒரு பங்கு ஏறும். "எஞ்சின் 6000-தானே சுத்துது"ன்னு ஏமாறாதீங்க. ஐந்தாவது கியர் ஓவர் டிரைவ்னா ஷாஃப்ட் எஞ்சினை விட வேகமா சுத்தும்.

19 பிப்ரவரி 2023

கார்பன் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. என்கிட்ட இல்ல, ஆனா ஒண்ணைக் கையில எடுத்துப் பார்த்திருக்கேன், வாங்கவும் ஆசைப்பட்டிருக்கேன்.

கார்பன் ஒரு உலோகம் மாதிரி இல்ல. இழையை எந்தக் கோணத்துல சுத்தினாங்கறதுதான் பொருள். முறுக்கைத் தாங்க 45 டிகிரியில இழை வேணும். வளையாம இருக்க நீளவாக்குல இழை வேணும். ரெண்டையும் கலந்து அடுக்கினா ஸ்டீல், அலுமினியம், டைட்டானியம் மூணும் மாட்டிக்கிட்ட 26-ங்கற மார்க்கைத் தாண்டலாம். எல்லா இழையும் நீளவாக்கா இருந்தா 80-க்கு மேலகூடப் போகும், ஆனா முறுக்கினா பிளந்துடும். வெறும் 45 டிகிரி மட்டும் சுத்தின குழாய்க்கு மார்க் 10 பக்கம்தான். அதோட கிரிட்டிக்கல் ஸ்பீடு ஸ்டீலை விடக் கீழ! ஆன்லைன்ல விக்கற ஏதோ ஒரு கார்பன் குழாயை வாங்கி ரெண்டு பக்கமும் யோக்கை ஒட்டலாம்னு கேட்ட தம்பி, தயவுசெஞ்சு வேண்டாம். அது கொடிக்கம்பத்துக்குச் செஞ்சதா இருக்கும்.

அப்புறம் ஒட்டறது. கார்பனை வெல்டு பண்ண முடியாது, பசைதான். அலுமினிய முனையும் கார்பனும் நேரா தொட்டா ஈரத்துல அலுமினியம் அரிக்கும், நடுவுல கண்ணாடி இழை அடுக்கு வைக்கணும். பக்கத்துலயே சைலன்சர் குழாய் ஓடுது. ரெசின் சூட்டுல இளகும். வெப்பத் தகடு இல்லாம யோசிக்கவே கூடாது.

பெரிய கம்பெனிகள் செய்யலயான்னா, செஞ்சாங்க. 1988-லயே ரெனோ எஸ்பாஸ் குவாட்ராங்கற குடும்ப வண்டியில கூட்டுப்பொருள் ஷாஃப்ட் இருந்துச்சு. நிசான் 350இசட், மஸ்டா ஆர்எக்ஸ்-8, 2013 ஷெல்பி ஜிடி500 எல்லாத்துலயும் கார்பன். ஷெல்பிக்கு 662 குதிரைத்திறன், 320 கி.மீ.க்கு மேல போற வண்டி, நீளக் குழாயை ஒரே துண்டா அந்த வேகத்துல சுத்தணும்னா கார்பனுக்கு நியாயம் இருக்கு. 2014 பிஎம்டபிள்யூ எம்3, எம்4-லயும் ஒரே துண்டுக் கார்பன், சென்டர் பேரிங்கே இல்லாம. அதுல வேடிக்கை, 2017 கடைசியில அதையே ஸ்டீலுக்கு மாத்தினாங்க. உடைஞ்சதால இல்ல. புகைக்குழாய்ல துகள் வடிகட்டி வைக்க இடம் வேணும், குண்டான கார்பன் குழாய் வழியில நின்னுச்சு. ஹேண்ட் பிரேக் கேபிளுக்காக 102-ஐ விட்ட எனக்கு அதைப் படிச்சப்போ ஒரு ஆறுதல்.

19 பிப்ரவரி 2023, பின்குறிப்பு

நிசான் ஜிடி-ஆர் ஆர்35 பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார். அது வேற ஜாதி. கியர்பாக்ஸ் பின்னாடி இருக்கறதால முன்னாடியிருந்து போற கார்பன் ஷாஃப்ட் எப்பவும் எஞ்சின் வேகத்துலதான் சுத்தும். எந்தக் கியரானாலும் எஞ்சினை மிஞ்சாது. அதே மாதிரி, முதல் கியர் பெருக்கின டார்க் அதுக்கு வராது. எனக்கு முதல் கியர்ல 300 போய் 1050 ஆகுது, அவனுக்கு எஞ்சின் டார்க் மட்டும். அதனாலதான் போர்ஷே 944-ல வெறும் 25 மி.மீ. ஸ்டீல் கம்பியே போதுமா இருந்துச்சு, டியூபுக்குள்ள பேரிங் வச்சுத் தாங்கியிருப்பாங்க. என் வண்டியில அதை மாட்டினா முதல் கியர்ல பிழிஞ்ச துணி.

4 மார்ச் 2023

கோவையில முன்சக்கர வண்டி வச்சிருக்கற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: டர்போ பூஸ்ட் ஏத்தினதுல டிரைவ் ஷாஃப்ட் உடைஞ்சுது, எந்த ஸ்டீல் போடலாம்?

இங்கதான்மா உலோகம் நிஜமாவே பேசும். குழாய் இல்ல, கெட்டிக் கம்பி. கியரும் கிரவுனும் ரெண்டும் பெருக்கின டார்க் அதுக்கு வருது. 25 மி.மீ. கம்பியில 1500 நியூட்டன் மீட்டர் ஏறினா மேற்பரப்புல 490 மெகாபாஸ்கல் வெட்டு அழுத்தம். அதே என் புரொபெல்லர் குழாய்ல 1050-க்கு வெறும் 63. குழாய் தூங்குது, கம்பி அலறுது.

லேத்ல இஎன்8-ல (சாதாரண கார்பன் ஸ்டீல்) கடைஞ்சு தர்றேம்பாங்க. நான் ஒரு தடவை வாங்கினேன், ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணினோம்னாங்க. ஒரு பெயிண்ட் கோடு நேரா இழுத்து வச்சுட்டு நாலு தடவை ஸ்டார்ட் எடுத்தேன். கழட்டிப் பார்த்தா கோடு முறுக்கு மாதிரி சுத்தியிருந்துச்சு. ஃபைல் போட்டுத் தேய்ச்சா வெண்ணெய். குறைஞ்சது இஎன்24 (நிக்கல், குரோமியம் கலந்த ஸ்டீல்), அதுவும் ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணி, கடினம் அளந்து காட்டச் சொல்லுங்க. அதுக்கும் மேல 300எம்-னு ஒண்ணு, விமான லேண்டிங் கியருக்கு வந்த ஸ்டீல். விலை கேட்டா விமானமே ஞாபகம் வரும்.

ஸ்டீலை மாத்தறதுக்கு முன்னாடி சைஸைப் பாருங்க. வலிமை விட்டத்தின் மூணாம் அடுக்குக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏறும். 25-ஐ 27 ஆக்கினா நாலுல ஒரு பங்கு கூடும். ஸ்பிளைன் (முனையில வெட்டின பல்) இருக்கற இடத்துலதான் உடையும், அதனால நடுக்கம்பியை ஸ்பிளைன் அடியாழத்துக்குக் கொஞ்சம் கீழ மெலிசா விட்டா, முறுக்கு முழு நீளத்துக்கும் பரவும். தடியா விட்டா பலம்னு தோணும். அப்படி இல்ல. நான் பத்து வருஷம் தப்பா நினைச்சிருந்தேன்.

21 மே 2023

அலுமினிய ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டியிருந்தேன், வாங்கிட்டோமேன்னு. நேத்து ட்ராக்ல பன்னிரண்டு ஸ்டார்ட், கிளட்சை விட்டு எறிஞ்சு. வந்து கழுவினப்போ பின் வெல்டிங் ஓரம் முடி மாதிரி ஒரு கோடு. அழுக்குன்னு துடைச்சேன், போகல. விரிசல் பார்க்கற சிவப்பு டை அடிச்சுத் துடைச்சு, வெள்ளைப் பவுடர் அடிச்சேன். 4 செ.மீ. நீளத்துக்குச் சிவப்பு கசிஞ்சுது.

குழாய் தாங்கும்னு கணக்குப் போட்டது நானேதான். 1050-க்கு 30 மெகாபாஸ்கல், 6061 டி6-க்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா வெல்டு பக்கத்துல சூடு பட்ட இடத்துல டி6 போயிடும், வலிமை ஏறத்தாழ பாதி. கிளட்சை எறிஞ்சா அதிர்ச்சியில டார்க் ரெட்டிப்பு. அது ஒரு தடவைக்குத் தாங்கும், நூறு தடவைக்கு? ஸ்டீலுக்கு ஒரு எல்லைக்குக் கீழ எத்தனை தடவை அடிச்சாலும் தாங்கற குணம் உண்டு, அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. எண்ணிக்கிட்டே இருக்கும்.

வெல்டு பண்ணினவர் மேல குறை இல்ல. கோடு சுத்தமாத்தான் இருந்துச்சு. அந்த வேலைக்கு அதைக் கொண்டுபோனது நான்.

21 மே 2023, இரவு

லூப் போட்டிருந்தியான்னு அண்ணன் கேட்டார். இல்ல. போன்ல ஒரு நிமிஷம் அவர் பேசவே இல்ல.

முன் ஜாயிண்ட் உடைஞ்சா குழாய் தரையில குத்தி, வண்டியையே கம்பு ஊன்றித் தாண்டற மாதிரி தூக்கிடும். அமெரிக்க டிராக் பந்தய விதியில வேக வண்டிக்கு ஷாஃப்ட்டைச் சுத்தி லூப் கட்டாயம்: 6 மி.மீ. தடிமன், 50 மி.மீ. அகலப் பட்டை, முன் ஜாயிண்ட்டிலிருந்து 150 மி.மீ.க்குள்ள. இரும்புக் கடையில பட்டையா கிடைக்கற சாமான். அலுமினியமா கார்பனான்னு நாலு மாசம் பேசினேன், இதைப் போடல. நாளைக்கு முதல் வேலை.

3 ஜூன் 2023

தம்பி கேட்டார்: "அப்போ குரோமோலி போட்டுடுங்க, பலமா இருக்கும்." குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல் அது. இழுத்த டிஓஎம் குழாய் 1020 கிரேடும், சும்மா நார்மலைஸ் பண்ணின 4130 குரோமோலியும் நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற எல்லையில கிட்டத்தட்ட சமம். வெல்டு பண்ணின பின்னாடி முழுசா ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணினாத்தான் குரோமோலி தன் முகத்தைக் காட்டும். கோயமுத்தூர்ல ஒன்றரை மீட்டர் ஷாஃப்ட்டை வளையாம ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணி வாங்கறது எனக்கு நடக்கல.

நான் போட்டது: ஸ்டீல், 89 மி.மீ., திக்னஸ் 1.6. கிரிட்டிக்கல் 7850, அலுமினியத்தை விடக் கொஞ்சம் மேலயே. முக்கால் பங்குன்னா 165 கி.மீ., என் ட்ராக் வேகத்துக்குப் போதும். குழாய் எடை 4.8 கிலோ, அலுமினியத்தை விட 1.8 கிலோ கூட. ஜனவரியிலயே இதைப் போட்டிருக்கலாம். அதே ஸ்டீல்தான், குண்டா, மெலிசா.

பேலன்சிங் இந்தத் தடவை வேற இடம், அதிக வேகம் சுத்தற மெஷின். லூப் இருக்கு. ரெண்டாவதும் ஒண்ணு போட்டிருக்கேன், பயத்துல.

11 பிப்ரவரி 2024

இந்தப் பழைய பதிவுகளை யாரோ தோண்டி எடுத்து, "கடைசியில என்ன ஆச்சு"ன்னு கேட்டிருக்கீங்க. ஓடுது. அலுமினிய ஷாஃப்ட்டின் நடுப்பகுதி மொட்டை மாடியில துணி காயற கம்பியா இருக்கு, துருவே பிடிக்கல, அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுக்கு அது தகுதியான உலோகம்.

நேத்து வேணும்னே 110-ல ஓட்டினேன், புதுக் குழாயோட பாதி வேகம் அதுதான். கையை டனல் மேல வச்சுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. 112-ல ஒரு நடுக்கம் தெரிஞ்சுது. வயிறு கலங்கி, பிட்டுக்கு வந்து, ஜாக்கி போட்டு, சாய்வு அளந்து, கிராஸை ஆட்டிப் பார்த்து, ஒன்றரை மணி நேரம். உள் கண்ணாடியோட ஸ்க்ரூ லூஸ்.